அக்கா சேர்ந்த சொசைட்டி

போன வாரம் எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் கீல் விட்டுப்போய், கதவு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. செங்கம் ரோட்டில் விசாரித்ததில் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். தோளில் பள்ளிக்கூடப் பை மாதிரி எதையோ மாட்டியிருந்தார். அதுதான் வெல்டிங் மெஷினாம். எனக்குத் தெரிந்த வெல்டிங் மெஷின் எருமைக்கன்று அளவு இருக்கும். இரண்டு பேர் தள்ளினால்தான் நகரும், ஓடும்போது உறுமும். இவர் பிளக்கைச் சொருகினார், ராடைக் கீலில் தொட்டார், சரக்கென்று ஒரு வெளிச்சம். பழக்கத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முகத்தைத் திருப்பலாம், மூக்கை என்ன செய்வது? சுட்ட மண்ணும் கருகிய நகமும் கலந்த மாதிரி அந்த வாசனை வந்துவிட்டது. அக்கா என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

வேலை முடிந்து அவர் தண்ணீர் குடிக்கும்போது, "நீங்க சொசைட்டில இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த சொசைட்டிங்க? பால் சொசைட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாதுதான். சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு எனக்கே புரிந்துவிட்டால் இன்னும் நல்லது.

பல வருஷத்துக்கு முன்னால் நான் எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கடை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அங்கே பொறுக்கியதுதான். பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், கோதுமை இல்லாமல், காரம் இல்லாமல். எதெது வேண்டாம் என்பதைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள் என்பதால், 'விதவுட்' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே பல மாதம் ஓட்டினேன். ஆனாலும் எங்கள் தெருவில் எனக்கு இங்கிலீஷ்காரி என்று பெயர்.

அக்கா தேன்மொழிக்குப் பேச்சு கம்மி. ஐடிஐயில் வெல்டர் படித்துவிட்டு, தண்டராம்பட்டு ரோட்டில் பாஷா பாய் பட்டறையில் வேலை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கார்த்திகை தீபத் திருவிழாவில் கூட்டத்தைத் தடுக்கும் தடுப்புக் கம்பிகள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கும் எங்கள் அம்மாவுக்கு அக்காவின் வேலை என்னவென்று தெரியும், ஆனால் வெளியே சொல்ல மாட்டாள். "பெரியவ கம்பெனிக்குப் போறா" என்பாள். அந்தக் கம்பெனிக்கு முன்பக்கச் சுவரே கிடையாது. சில நாள் அக்கா கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிகிறது என்று வந்து படுப்பாள். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைப்பாள். அந்தக் கிழங்கை மறுநாள் குழம்பில் போட்டாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். கேட்டதில்லை.

ஒருநாள் பாஷா பாய் காபிக் கடைக்கே வந்துவிட்டார். பரம்பரையாக இந்த ஊர்க்காரர். நல்ல உயரம், மெதுவான குரல், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். எங்கள் கடையின் மூங்கில் நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார்.

"வெல்டர்ங்களுக்குனு ஒரு சொசைட்டி இருக்குமா. பெரிய பெரிய இன்ஜினியருங்க எல்லாம் மெம்பரு. நம்ம ஊர்ல கிளை தொறக்கறாங்க. மெட்ராஸ்லேர்ந்து ஒரு சார் வர்றாரு. அவருக்குத் தமிழ் வராது. நீ வந்து சொல்லணும்."

"நீங்க உருது பேசுவீங்களே பாய்?"

"போன்ல பேசிப் பாத்தேன். அவரு பேசற இந்தி வேற, நம்ம உருது வேற. ரெண்டு பேரும் மரியாதையா பேசிகினே இருந்தோம். ஒண்ணும் புரியல."

அந்த சார் பெயர் சாட்டர்ஜி. வங்காளி. வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதிலேயே தலை நரைத்தவர். பட்டறைக்கு எதிரே டயர் கடை மாடியில் முதல் கூட்டம். போய்ப் பார்த்தால் நிற்க இடமில்லை. செங்கத்திலிருந்து, போளூரிலிருந்து, வேட்டவலத்திலிருந்தெல்லாம் வெல்டர்கள் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. சொசைட்டி என்றால் நம் ஊரில் என்ன? பால் ஊற்றுகிற இடம், இல்லாவிட்டால் நகையை வைத்துக் கடன் வாங்குகிற இடம். இவர்கள் லோன் வாங்க வந்திருக்கிறார்கள்!

சாட்டர்ஜி சார் பேச ஆரம்பித்தார். இந்த சொசைட்டி உங்கள் கேரியருக்குத் துணையாக நிற்கும் என்றார். எனக்குக் கேரியர் என்றால் டிபன் கேரியர், அதை விட்டால் சைக்கிள் கேரியர். இரண்டுமே பொருந்தவில்லை. வந்தது வரட்டும் என்று, "சொசைட்டி உங்க கேரியருக்கு சப்போர்ட் பண்ணும்" என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "மதியச் சோறு போடுவாங்களா?" என்றார். மாடியே சிரித்தது. சாரும் சிரித்தார். தம்முடைய பேச்சு நன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்.

கடன் கிடையாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் அவர் சொன்னதை நான் துண்டு துண்டாகத் தமிழாக்கினேன். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். தெரிந்தவர்கள் வந்து புது முறைகளைச் சொல்லித் தருவார்கள். பரீட்சை வைப்பார்கள். தேறினால் சர்டிபிகேட், அதைக் காட்டினால் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் மதிப்பார்கள். எங்கே ஆள் தேவை என்ற சேதியும் சொசைட்டி வழியாக வரும். "அப்போ இன்னாதான் குடுக்கறாங்க?" என்று ஒருவர் கேட்டார். சாரிடம் கேட்டேன். அவர், "நீங்கள் யாரென்று மற்றவர்களுக்குச் சொல்லுவோம்" என்றார். அதையும் சொன்னேன். கேட்டவருக்கு அது போதவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் எழுந்து வந்து பெயர் கொடுத்தாள்.

குழப்பம் மாடியோடு நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்கா, "சொசைட்டில சேந்துட்டேம்மா" என்றாள். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. அவளுக்குச் சொசைட்டி என்றால் மேஜை, நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். நான் விளக்க வாயைத் திறந்தேன். அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். விடிவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவளுக்குச் சொசைட்டியில் வேலை கிடைத்துவிட்டது!

அது தரகர் காதுக்குப் போய், அடுத்த மாதமே போளூரிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் செந்தில், உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அம்மா கேசரி கிளறினாள். அக்கா முழுக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டிருந்தாள், முன்கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள் தெரியாமலிருக்க.

மாப்பிள்ளையின் அப்பா நல்லவிதமாகத்தான் கேட்டார். "எந்த சொசைட்டிமா? பால் சொசைட்டியா, கடன் சொசைட்டியா?"

"வெல்டிங் சொசைட்டிங்க" என்றாள் அக்கா.

"வெல்டிங்குக்குக் கடன் குடுக்கற சொசைட்டியா?"

"இல்லீங்க. நான் வெல்டர். அது வெல்டருங்களுக்கான சங்கம்."

அம்மா கேசரித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோபம்கூட இல்லை, எல்லோருக்கும் வழி தப்பின முகம். மாப்பிள்ளை மட்டும் அக்காவின் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு, "கிரில்லெல்லாம் நீங்களே அடிப்பீங்களா?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. அக்கா தலையாட்டினாள். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள்.

அம்மா இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அந்தச் செந்தில் எங்கள் காபிக் கடைக்கு வந்தார். விலைப் பட்டியலைப் பார்த்து மிரண்டு ஒரு டீ மட்டும் சொன்னார். "எனக்கு உங்க அக்காவ புடிச்சிருக்குங்க. எங்க ஊட்ல ஒத்துக்கணும். அந்த சர்டிபிகேட்டு வாங்கிட்டா ஆபீஸ்ல உக்கார வெச்சுருவாங்களா? அப்டின்னா நான் அப்பாகிட்ட பேசிப் பாக்கறேன்."

எனக்கு எப்படித் தெரியும்? அந்த மாதக் கூட்டத்தில் சாட்டர்ஜி சாரிடம் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் கரும்பலகையில் ஒரு ஏணி வரைந்தார். கீழ்ப்படியில் வெல்டர். மேலே போகப் போக வெல்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர், மேற்பார்வை பார்ப்பவர், சோதிப்பவர். ஒவ்வொரு படிக்கும் ஒரு படிப்பும் பரீட்சையும் உண்டு, சொசைட்டி கூடவே வரும், ஆனால் முதல் படியை யாரும் தாண்டிக் குதிக்க முடியாது, ராடைப் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்றார். கேரியர் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. ஆனால் அந்த ஏணியில் எந்தப் படியில் நாற்காலி போட்டிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. செந்திலிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "போகப் போக உக்காரலாமாம்" என்று சொல்லி வைத்தேன்.

பரீட்சை பாஷா பாய் பட்டறையிலேயே நடந்தது. இரண்டு இரும்புத் தகடுகளை நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்து, அதை நிரப்பி ஒட்டவேண்டும். ஆறிய பிறகு அதிலிருந்து ஒரு பட்டை அறுத்து எடுத்து, அழுத்தும் மெஷினில் கொடுத்து லாடம் மாதிரி வளைப்பார்கள். ஒட்டின இடம் வாயைத் திறக்காமலிருந்தால் பாஸ். அக்காவின் கை வேலையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. மேலே பார்த்தால் வரிசையாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தது.

வளைத்தார்கள். திறந்துகொண்டது.

சாட்டர்ஜி சார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'ரூட்' சரியாக உருகிச் சேரவில்லை என்றார். ரூட் என்றால் எனக்கு வேர். "வேர் புடிக்கலையாம்" என்றேன். இதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் பட்டறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது. பாஷா பாய்தான் என் பக்கம் குனிந்து, "அடில போடற மொதல் வரிசைமா. மேல எவ்ளோ அழகா போட்டாலும் அது சேரலன்னா நிக்காது" என்றார்.

அக்கா அழவில்லை. "எந்த எடத்துல சேரலன்னு காட்டச் சொல்லுடி" என்றாள். அவர் விரல் வைத்துக் காட்டினார். அக்கா அந்த வளைந்த துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கேட்டும் கிரில்லும் அடிக்கும் கை இதற்குப் பழகியிருக்காது, தப்பு அவளுடையதல்ல என்று சார் சொன்னார். திருச்சியில் சொசைட்டி நடத்தும் பயிற்சி வகுப்பு இருக்கிறது, தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள், அனுப்பட்டுமா என்று கேட்டார். இதை நான் தமிழில் சொல்வதற்குள் அக்கா, "போறேன்னு சொல்லு" என்றாள். என்னைவிட அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

போளூரிலிருந்து சேதி வந்தது அந்த வாரம்தான். சம்மதமாம். பெண் பட்டறைக்குப் போவதை இப்போதே நிறுத்திவிட வேண்டுமாம், வருகிற முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாமாம். அந்த முகூர்த்தம் திருச்சி வகுப்பின் நடுவில் விழுந்தது.

அம்மா அன்றைக்கு நிறையப் பேசினாள். "ஃபெயிலானவளுக்கு எதுக்குடி டிரெய்னிங்கு? வர்ற லட்சுமிய ஒதைக்கற." பேசிக்கொண்டே அழுதாள். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா பேசும்போது அம்மா சொல்வது சரி, அக்கா சும்மா இருக்கும்போது அக்கா சும்மா இருப்பது சரி. துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். "உனக்கு அவர புடிக்கலையாக்கா?"

"புடிச்சிருக்குடி. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள். கொடியில் புடவையை உதறிப் போட்டாள். "புடிக்கலன்னா இந்நேரம் பெட்டிய கட்டியிருப்பேன்."

அவளே செந்திலுக்குப் போன் செய்தாள். வகுப்பு முடிகிறவரை நிச்சயத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். அவர், "அப்பாவ கேட்டுச் சொல்றேங்க" என்றாராம். நல்ல மனிதர்தான். அப்பாவைக் கேட்டிருப்பார். பதில் வரவில்லை. வகுப்புக்குக் கிளம்பும் நாளும் வந்துவிட, விடிகாலை திருச்சி பஸ்ஸுக்கு அக்காவோடு நானும் போனேன். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, புளிசாதப் பொட்டலத்தோடு எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அக்கா, "போன் வந்தா சொல்லு" என்றாள் என்னிடம்.

இரண்டாம் தடவை அவள் தேறினாள். வளைத்த பட்டை வாயைத் திறக்கவே இல்லையாம். சொசைட்டி வழியாகவே கேரளத்தில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை வந்தது, பிறகு குஜராத். அந்த ஏணியில் படிப்படியாக ஏறினாள். கூட வேலை பார்த்த ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அவள் மகள் எங்களோடு போனில் இந்தியில் பேசுகிறாள். அம்மா தமிழில் பதில் சொல்கிறாள். இருவரும் எதைப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாது, மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

செந்தில் பல வருஷம் கழித்து ஒரு பௌர்ணமிக்கு, மனைவி குழந்தையோடு கிரிவலம் முடித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். "அக்கா நல்லா இருக்காங்களா?" என்றார். "நல்லா இருக்கா. இன்ஸ்பெக்டர் ஆயிட்டா" என்றேன். வெல்டிங்கைச் சோதிக்கிறவர்களை அப்படித்தான் சொல்வது. "போலீஸா?" என்றார் மலைத்துப்போய். விளக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது. அக்காவை அவர் இன்றைக்கும் காக்கிச் சட்டையில்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஊருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அக்கா போன பிறகு மாடிக் கூட்டத்துக்கு மறுபடி ஆள் சேர்ந்தார்கள். ரேஷன் கார்டு இல்லாமல் வந்தார்கள். பெயர் கொடுத்தார்கள், பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள். தேறியவர்கள் கிளம்பினார்கள். ஓசூர், மும்பை, துபாய், எங்கெங்கோ. பாஷா பாய் ஒவ்வொருவரையும் தன் செலவில் பிரியாணி போட்டு வழியனுப்பினார். ஒவ்வொரு பிரியாணிக்கும் பிறகு மாடியில் ஒரு நாற்காலி காலியானது. தண்டராம்பட்டு ரோட்டில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது அந்தப் பக்கம் போனால் வரிசையாக செல்போன் கடை. பாய் பட்டறையை விட்டுவிட்டு ஆம்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். டயர் கடை மாடியில் யாரோ யோகா சொல்லித் தருகிறார்கள். ஒரு சங்கம் தன் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்தால் கடைசியில் ஆளே இல்லாமல் போகுமா? அது நல்லதா கெட்டதா? அக்காவிடம் கேட்டால், "லூசு மாதிரி கேக்காத" என்கிறாள். எனக்குத் தெளியவில்லை.

கடைசிக் கூட்டம் நினைவிருக்கிறது. மழைக்கால ஞாயிறு. சாட்டர்ஜி சார் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் நனைந்து வந்திருந்தார். மாடியில் பாஷா பாய் இருந்தார், நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்றைக்குப் பேச வந்ததை முழுதாகப் பேசினார். நானும் முழுதாகத் தமிழில் சொன்னேன். பாய் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். முடிவில் சார் வழக்கம்போல, ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

பாய் கட்டிய கையைப் பிரித்தார். "அடுத்த மாசம் வருவாரானு கேளுமா."

கேட்டேன். சார் காலி நாற்காலிகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் வந்து போனதில் எப்போது பொறுக்கினாரோ, மெதுவாகத் தமிழிலேயே, "தெரியலமா" என்றார்.

நான் பாய் பக்கம் திரும்பி, "தெரியலையாம் பாய்" என்றேன்.